இரும்புப் பட்டறையில் ஒரு டப்பா கிரீன் டீ

பட்டறைக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். வாசல் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று இரும்பில் எது கேட்டாலும் செய்து கொடுப்பார். கொடுத்ததோடு விட்டுவிடவும் மாட்டார். எந்தக் காலத்திலோ மாட்டிய கேட்டாக இருந்தாலும், அந்த வழியாகப் போகும்போது ஒரு தரம் திறந்து மூடிப் பார்ப்பார். கீல் முனகினால் சட்டைப்பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விடுவார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால், ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்று அவரையே உள்ளே அனுப்பி வைப்பார். சொந்தக்காரர் வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போனாலும் இந்த மனுஷன் முதலில் கேட்டைத்தான் விசாரிக்கிறார் என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

கட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் குரல் ஒரே உயரத்தில் நின்றுபோய்விட்டது. அவர் ரகசியம் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனாலேயே அவரிடம் ரகசியம் எதுவும் தங்கியதில்லை. பொய் சொல்லவும் வராது. பொய் சொல்ல வேண்டி வந்தால் குரலைத் தாழ்த்துவார், உடனே எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

இந்த மனிதருக்கு வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்று உண்டு. அது கேட் இல்லை, ரத்த தானம். மகள் பிறந்த அன்று மனைவிக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இவருடைய ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சேரும் வகை ரத்தம் தீர்ந்துபோயிருந்தது. நர்ஸுகள் அங்குமிங்கும் ஓட, இவர் என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு யாரையோ பார்க்க வந்திருந்த ஒருவர், எனக்கு அந்த வகைதான் என்று தானாகவே முன்வந்து படுத்துக் கொடுத்தார். சட்டையெல்லாம் மாவு படிந்திருந்தது. பேக்கரியில் வேலை செய்பவராக இருக்கலாம். மனைவி பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. நன்றி சொல்ல இவர் வாசலுக்கு ஓடியபோது அந்த மனிதர் போய்விட்டிருந்தார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. சொல்லாமல் போன அந்த நன்றி இவருடைய தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தவறாமல் ரத்தம் கொடுத்துவருகிறார். அதிலும் மகள் பிறந்தநாளன்று காலையில் கொடுப்பது அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கொடுத்தவர்களுக்கு ரத்த வங்கியில் இரண்டு பிஸ்கட் போட்ட சின்ன பாக்கெட் ஒன்று தருவார்கள். அவர் அதைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மகள் கையில் கொடுப்பார். அவள் அந்த இரண்டு பிஸ்கட்டையும் தின்று முடித்த பிறகுதான் கேக் வெட்டுவார்கள். பல் முளைத்த காலத்தில் தொடங்கிய வழக்கம், அவள் வேலைக்குப் போகிற பெண்ணான பிறகும் மாறவில்லை. அந்த வீட்டில் பிறந்தநாள் தொடங்குவதே அந்த பாக்கெட் வந்து சேர்ந்த பிறகுதான்.

மகளும் ரத்தம் கொடுக்கலாமே என்று யாராவது கேட்டால், பட்டறைக்காரரே கையமர்த்திவிடுவார். பாப்பாவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில் தடுப்பூசி போட வந்தவரின் கையைக் கடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவள். வளர்ந்த பிறகு கடிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பாப்பா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். போன பிறந்தநாள் கழிந்து கொஞ்ச நாளில் அப்பாவின் தொப்பை அவள் கண்ணில் பட்டது. தொப்பை என்னவோ பல வருஷமாக அங்கேயேதான் இருந்தது. அன்றைக்கு அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டாள். காலையும் மாலையும் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கெட்டிப் பாலில் குடிக்கும் டீதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுநாளே, தான் கடையில் குடிக்கும் கிரீன் டீயிலேயே ஒரு டப்பாவோடு வந்தாள். இதுவும் அதே தேயிலைச் செடியின் இலைதான், பறித்தவுடனே சூடு காட்டிக் காயவைப்பதால் கறுக்காமல் பச்சையாகவே நிற்கிறது, உடம்புக்கு ரொம்ப நல்லது என்று சொல்லி, எப்படிப் போட வேண்டும் என்பதையும் விளக்கினாள். அந்த நேரம் பார்த்து ஒருவர் கேட்டுக்கு அளவு சொல்ல வந்துவிட்டார். விளக்கத்தில் பாதி காற்றோடு போயிற்று.

கிரீன் டீயைப் பற்றி ஊர் உலகம் சொல்வதையெல்லாம் நம்பினால், அதைக் குடித்தவனுக்கு வியாதி வராது, வயதாகாது, தொப்பை இருந்த இடம் தெரியாது. ஒரு இலைத் தண்ணீர் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்தால் அது பாவம் என்னதான் செய்யும்? அளவாகக் குடித்தால் நல்லதுதான். மனதைத் தெளிவாக வைக்கும், சர்க்கரையும் பாலும் குறைவதால் உடம்பு கொஞ்சம் இளைக்கும். ஆனால் நம் பட்டறைக்காரருக்கு அளவு என்பது கேட்டுக்கு மட்டும்தான்.

அவர் தன் தொழில் வழியிலேயே யோசித்தார். இரும்புக்கு ஒரு கோட் பிரைமர் அடித்தால் போதாது, இரண்டு கோட் அடித்தால்தான் துரு ஏறாது. அப்படியிருக்க உடம்புக்கு மட்டும் ஒரு சிட்டிகை இலை எப்படிப் போதும்? ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். வீட்டை ஒட்டிய பட்டறையின் அடுப்பில் வைத்து, பால் டீயின் நிறம் வரும்வரை கொதிக்கவிட்டார். கிரீன் டீக்கு அந்த நிறம் வருவது லேசில் நடக்கிற காரியமா? இவர் விடவில்லை. கடைசியில் ஏதோ ஒரு பழுப்பு வந்தது. ஒரு வாய் குடித்தவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. கசப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை.

வேறு யாராவது கொடுத்திருந்தால் தெருவில் ஊற்றியிருப்பார். கொடுத்தது பாப்பா. சாயங்காலம் வந்து டீ எப்படிப்பா என்று அவள் கேட்டபோது, பிரமாதம் என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தனியாகக் குடிக்க முடியாதென்று தெரிந்ததும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வாய் சாப்பாடு, ஒரு வாய் டீ. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதுபோல, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அந்தக் கஷாயத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து உள்ளே தள்ளினார். பெரிய எவர்சில்வர் குவளை, அதில் விளிம்பு வரை. டப்பா தீரத் தீர அவரே வாங்கி நிரப்பி, மூன்று வேளையும் பட்டறை அடுப்பிலேயே போட்டு எடுத்து வந்ததால், அவர் போடும் பக்குவம் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, தொப்பை கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. இனிப்பான பால் டீ நின்றுபோனதுதான் காரணம். பெயரை என்னவோ கிரீன் டீ தட்டிக்கொண்டு போய்விட்டது. கேட் செய்ய வந்தவர்களையெல்லாம் நிற்கவைத்து அதன் மகிமையை உரத்த குரலில் பாடினார். பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் மட்டும் இதில் சேரவில்லை. ஒரு நாள் பட்டறைக்காரர் குவளையைத் தட்டிவிட, பிரைமர் அடிக்காத புதுக் கேட்டின்மேல் டீ கொட்டி, சாப்பிட்டு வருவதற்குள் அந்த இடம் மை கொட்டியதுபோல் கறுத்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பெயின்டருக்குக் கை ஓய்ந்தது.

"இரும்பையே இந்தப் பாடு படுத்துதே, வயித்தை என்ன பண்ணுமோ" என்றார் பெயின்டர்.

பட்டறைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில்தான் ஏணியில் ஏறும்போது தலை லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் சுத்தியல் கனத்தது. ராத்திரி குடித்த டீ தூங்கவும் விடவில்லை. வயதாகிறது என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார். நடுவில் ஒரு தடவை ரத்தம் கொடுத்தபோது, ரத்த அளவு விளிம்பில் நிற்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று நர்ஸ் சொல்லியனுப்பினார். நன்றாகத்தான் சாப்பிட்டார், டீயோடு.

பிறந்தநாள் வந்தது. காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் ரத்த வங்கிக்குப் போனார். போகிற வழியில் இரண்டு கேட்டுக்கு எண்ணெய் விட்டார். அங்கே பல வருஷமாக அவரைப் பார்த்துவரும் நர்ஸ் சிரித்துக்கொண்டே விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது. இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார்.

"அண்ணா, ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்ப கம்மியா இருக்கு. இன்னிக்கு எடுக்க முடியாது."

பட்டறைக்காரருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "சிஸ்டர், நாள் பூரா இரும்போட கிடக்கிறவன் நான். தும்மினா இரும்புத்தூள் வரும். எனக்கா இரும்பு பத்தல?"

"மூக்குல போற இரும்பு ரத்தத்துல சேராதுண்ணா. வாயில போறதுதான் சேரும். சாப்பாட்டுல புதுசா ஏதாவது மாத்தினீங்களா?"

கிரீன் டீயின் புகழைப் பாட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? மூன்று வேளையும், சாப்பாட்டோடு, விளிம்பு வரை ஊற்றிய குவளை என்று பெருமையாகச் சொன்னார். நர்ஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதற்கு முன்பே டீயின் துவர்ப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அளவாகக் குடிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. இவரோ அடிக்கடி ரத்தம் கொடுப்பவர், கொடுத்ததை ஈடுகட்ட வேண்டிய சாப்பாட்டில் மூன்று வேளையும் அதையே ஊற்றியிருக்கிறார். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும், வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று டாக்டரிடமும் ஒரு தரம் காட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியானதும் தாராளமாக வரலாம்.

அவருக்கு மை கொட்டியதுபோல் கறுத்துப்போன அந்தக் கேட் கண்முன்னே வந்து நின்றது. இரும்பைப் பார்த்ததும் டீ என்ன செய்யும் என்பதை அவர் பட்டறையிலேயே கண்ணால் பார்த்திருக்கிறார். பெயின்டர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். இத்தனையும் சேர்ந்து அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. உடம்பைப் பற்றிய கவலை இல்லை. மாவு படிந்த சட்டைக்காரருக்கு இந்த வருஷம் என்ன பதில் சொல்வது? ரத்தம் கொடுக்காதவருக்கு பிஸ்கட்டும் கிடையாது. வெறுங்கையோடு போய்ப் பாப்பா முன்னால் எப்படி நிற்பது? நீ ஆசையாகக் கொடுத்த டீயால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் பிறந்தநாளன்றே சொல்ல முடியுமா?

ஆகவே பொய் சொல்லுவது என்று முடிவு செய்தார். ஒரு பேக்கரியில் போய் இருப்பதிலேயே நல்லதாக, க்ரீம் வைத்த பிஸ்கட் இரண்டு வாங்கி வெள்ளைக் காகிதத்தில் சுற்றினார். விரலில் குத்திய இடத்தில் நர்ஸ் கொடுத்திருந்த பஞ்சை எடுத்து முழங்கை மடிப்பில் வைத்து, மருந்துக் கடையில் வாங்கிய பிளாஸ்டரை ஒட்டினார். அந்தக் கடைக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. முழிதான் திருட்டு முழியாக இருந்தது.

வீட்டில் மேஜைமேல் கேக் தயாராக இருந்தது. மகள் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவர் காகிதப் பொட்டலத்தை நீட்டி, இந்த வருஷம் பாக்கெட் தீர்ந்துவிட்டதாம், காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள் என்றார். அடுப்படியிலிருந்த மனைவி அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டதுமே கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். மகள் ஒரு பிஸ்கட்டை எடுத்து ஒரே ஒரு கடி கடித்தாள். மென்றாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ரத்த வங்கி பிஸ்கட் இல்லப்பா."

 ஒரு கடியிலேயே கையும் களவுமாகப் பிடிபட்டபின் பூசி மெழுக என்ன இருக்கிறது? பிளாஸ்டரைப் பிய்த்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் வழக்கமான குரலில் சொல்லிவிட்டார். நாலு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"வீட்டைச் சுத்தி இத்தனை இரும்பு, வீட்டுக்காரர் உடம்புல இல்லையா" என்று மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தாள். மகள் நேராக அடுப்படிக்குப் போய் டீ டப்பாவை எடுத்துக் குப்பைக்கூடையைத் திறந்தாள். அவர் எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அது என்ன பாவம் செய்தது, நான் போட்ட போடு அப்படி என்றார். எப்படித்தான் போட்டீர்கள் என்று அவள் கேட்க, அவர் அங்கேயே செய்து காட்டினார். கைப்பிடி இலை பாத்திரத்தில் விழுந்தபோது அவள் கண்கள் விரிந்தன. இன்னும் நிறம் வரவில்லை என்று அவர் கொதிக்கவிட்டுக்கொண்டே போனபோது, அழுவதற்கு இருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவள் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் புதிதாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கினாள். கொதி முழுக்க அடங்கும்வரை அப்படியே விட்டாள். பிறகு ஒரு ஸ்பூன் இலை போட்டு மூடி, சும்மா இரண்டு பேச்சு பேசும் நேரத்தில் வடிகட்டிவிட்டாள். இளம்பச்சையில் மஞ்சள் கலந்த ஒரு தண்ணீர் கோப்பையில் நின்றது. அவர் பழக்க தோஷத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தார். புதுப் புல்லின் வாசனை, லேசான ஒரு துவர்ப்பு, அதற்குப் பின்னால் தித்திப்பு மாதிரி ஏதோ ஒன்று. கசப்பைத் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. அப்படியென்றால் நான் இத்தனை மாதம் குடித்தது என்ன என்று கேட்டார். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

கேக் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. வெட்டலாம் என்று அவர் சொல்லவில்லை. பிஸ்கட் வராமல் வெட்டிப் பழக்கமில்லாத கத்தி பக்கத்திலேயே கிடந்தது. மகள் அதைப் பார்த்தாள். பிறகு போய்ச் செருப்பை மாட்டினாள்.

"ரத்த வங்கி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்பா?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பதறிவிட்டார். ஊசியைப் படத்தில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், உனக்கெதற்கு இந்த வேலை, ஒரு வருஷம் போனால் போகட்டும், நான் தேறியதும் கொடுக்கிறேன் என்றெல்லாம் சொன்னார்.

"அன்னிக்குப் பொறந்தது நான்தானேப்பா" என்றாள் அவள். "வந்து கையைப் பிடிச்சிக்கோங்க, போதும்."

அவரும் செருப்பை மாட்டினார். வழியில் ஒரு கேட்டையும் திறந்து மூடிப் பார்க்காமல் அவர் நடந்தது அன்றைக்குத்தான்.

நர்ஸ் விரலில் குத்தும்போது மகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அப்பாவின் கையில் நகத்தைப் பதித்தாள். அவர் கருவியையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அவளும் அதே டீயைத்தானே குடிக்கிறாள்? நர்ஸ் தலையாட்டிச் சிரித்தார். சரியான அளவு இருந்தது. அவள் கடையில் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு கோப்பை குடிப்பவள், அதுவும் இளம்பச்சையாக. ஊசி ஏறியபோது அவள் யாரையும் கடிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். பை மெல்ல மெல்ல நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பட்டறைக்காரருக்கு அந்த மாவு படிந்த சட்டை ஞாபகத்துக்கு வந்தது. தொண்டையில் இத்தனை வருஷமாக நின்ற ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

வெளியே வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் ரத்த வங்கியில் கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு, சின்ன பாக்கெட்டைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினாள். இந்த வருஷம் நீங்கள்தான் சாப்பிட வேண்டும் என்றாள். இத்தனை வருஷம் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாரே தவிர, அந்த பிஸ்கட்டை அவர் ஒரு தரம்கூட ருசி பார்த்ததில்லை. ஆசையாக ஒன்றை எடுத்துக் கடித்தார். உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நமத்துப்போய், மரத்தூளைப் பிசைந்து சுட்டதுபோல் வாயெல்லாம் ஒட்டியது.

"பாப்பா, இது கெட்டுப்போச்சு போல."

"இல்லப்பா. எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

"எப்பவுமா?" அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அதான் காலையில ஒரே கடியில கண்டுபிடிச்சியா?"

"அது நல்லா இருந்துச்சே."

"அப்ப இத்தனை வருஷமா இதை எப்படித் தின்ன?"

"நீங்க என் டீயக் குடிச்ச மாதிரிதான்" என்றாள் மகள்.

அவர் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கெட்டில் இன்னும் ஒரு பிஸ்கட் இருந்தது. அதையும் அவளுக்குக் கொடுக்காமல் அவரே தின்று முடித்தார்.